மூன்றாம் மாடி சோபாவைக் குறித்து இரண்டாம் மாடியிலிருந்து

மூன்றாம் மாடியில் சௌக்கியமாக, மிக மிகச் சௌக்கியமாக வாழ்ந்துவரும் என் சகலை அவர்களுக்கு, நேர் கீழே இரண்டாம் மாடியிலிருந்து உங்கள் மூத்த சகலை எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என் மனைவியின் நலத்தைத் தினமும் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை நீங்களே நேரில் பார்த்துவருவதால் அதைத் தனியாக எழுதவில்லை.

போன மாதம் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, "அண்ணா, வீட்டை முறையா வச்சுக்கறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. எங்களுக்கும் நாலு குறிப்பு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டே கேட்டீர்கள் என்பதையும் கவனித்தேன். இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். பதினெட்டுப் படி ஏறி நேரில் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நேரில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் எனக்கு நா உலர்ந்துவிடும். பிறகு நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நீங்கள் கொடுக்கும் தேநீரையும் குடித்துவிட்டு, அது நன்றாக இருப்பதாகவும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுவேன். ஆகவே கடிதம். நீங்கள் கேட்டது நாலு. எப்படியோ ஆறாகிவிட்டது. வரிசை வருமாறு:

1. வெளிச்சம்
2. இருக்கைகளின் உயரம்
3. ஒருவர் எழுந்ததும் மெத்தையைத் தட்டிச் சரிசெய்தல்
4. ஈரமும் சத்தமும்
5. வருகிறவர்கள் எவ்வளவு நேரம் இருக்கலாம்
6. சொந்த விஷயம் ஒன்று (எழுதத் தைரியம் வந்தால்)

முதலில் வெளிச்சம். உட்காரும் அறையில் உச்சியிலிருந்து அடிக்கும் ஒரே ட்யூப்லைட் கூடாது. நாற்காலிக்குப் பக்கத்தில், உட்காருகிறவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால், மஞ்சள் விளக்கு ஒன்று இருக்க வேண்டும். கண்ணில் படாமல் கையில் இருப்பதன் மேல் படும். இதை நான் உங்கள் வீட்டிலிருந்துதான் கற்றேன் என்பதை மறைத்து எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டு வெளிச்சத்தை என் மனைவி நெடுநாளாக ஆஸ்பத்திரி வெளிச்சம் என்று சொல்லிவந்தாள். நீங்கள் குடிவந்த ஏழு மாதத்தில் அவள் மேலே போவதற்கு விளக்குதான் காரணம் என்று முதலில் முடிவு செய்து, உங்களுடையதைப் போலவே ஒன்று வாங்கி, பின்னால் நிறுத்தி, அதன் இடம் மாறிவிடாமலிருக்கத் தரையில் டேப் ஒட்டி அடையாளமும் வைத்தேன். வந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். நான்கு மணிக்கு மேலே போய்விட்டாள். அந்த விளக்கின் கீழ் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். என் நிழல் எதிர்ச்சுவரில் மிகப் பெரிதாக விழுந்தது. துணைக்கு ஒரு ஆள் இருந்த மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விளக்கு இல்லையென்றால் சோபா என்று அடுத்த முடிவுக்கு வந்தேன். இங்கே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என் மூக்குக்கண்ணாடி சோபாவுக்கு அடியில் போய்விட்டதாகச் சொல்லி நான் தரையில் மண்டியிட்டுத் தேடினேன் அல்லவா, கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கையில் அளவு நாடா இருந்தது. சோபாவில் என் மைத்துனி, அதாவது உங்கள் மனைவி, உட்கார்ந்திருந்தாள். "அத்தான், நீங்க எதுக்குக் குனியறீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தவளை, வேண்டாம் வேண்டாம் என்று நான்தான் தடுத்து உட்காரவைத்தேன். இருக்கை என்பது உட்காருவதற்காகச் செய்யப்பட்டது; ஆகவே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் அளவே அதன் உண்மையான அளவு என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். தர்க்கத்தில் பிழையில்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. உயரம் முப்பத்துமூன்று சென்டிமீட்டர் வந்தது. காகிதச் சீட்டில் குறித்து, அதேபோல் ஒன்று செய்யச் சொல்லித் தச்சரிடம் கொடுத்தேன். அவர் சீட்டைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கா என்று கேட்டார். பெரியவர்களுக்குத்தான் என்றேன். பெரியவர்கள் என்றால் எவ்வளவு பெரியவர்கள் என்று கேட்டார். எனக்கு வாதாடத் தெரியாது; சீட்டில் உள்ளபடி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். செய்துவிட்டார். யாரும் உட்காராதபோது அது முப்பத்துமூன்று. உட்கார்ந்தால் இருபத்தொன்று.

சோபா வந்த அன்று மாலை, மனைவி மேலே போனபிறகு, நான்கு பத்துக்கு அதில் உட்கார்ந்தேன். சௌகரியமாகத்தான் இருந்தது. முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன என்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கே காலுக்கு எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்னால் சாய்ந்து பார்த்தேன், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தேன், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பார்த்தேன். தொலைபேசி மேசைமேல் அதற்கு உரிய இடத்தில் இருந்தது. உங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அதன் இடத்தில் இருப்பதில்லை. செருப்பு கூடத்தில், செய்தித்தாள் குளியலறையில், ரிமோட்டைத் தேட நாலு பேர் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, தேடும்போதும் எல்லோரும் சிரிக்கிறீர்கள். அப்படிப்பட்ட வீடாக இருந்திருந்தால் என் தொலைபேசியும் சோபாவில் எங்காவது கிடந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். மேலே கூரைக்கு அந்தப் பக்கம் என் மனைவி சிரிப்பது கேட்டது. குரல் கொடுக்கலாம்தான். கொடுத்தால் நீங்கள் இறங்கி வருவீர்கள். வந்து என்னை அந்த நிலையில் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு அன்பாகப் பேசுவீர்கள். அது வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஐந்தே முக்காலுக்கு எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவர் மணியடித்தார். கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்று கத்தினேன். அவர் சிலிண்டரைச் சமையலறையில் இறக்கிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "பெரியவரே, இது சோபாவா, குழியா?" என்று கேட்டார். நான் திரும்பி மெத்தையை இருமுறை தட்டிச் சரிசெய்துவிட்டு அவருக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் தச்சர் வந்து பார்த்தார். அளந்தபோது அதில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று கேட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். இதனால் உங்கள் மனைவியின் எடையைப் பற்றி நான் எந்தக் கருத்தும் தெரிவிக்கவில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். யார் உட்கார்ந்தாலும் பஞ்சு அமுங்கும். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு இதுதான்: ஐம்பதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டில் இருக்கை தரையிலிருந்து நாற்பத்தைந்துக்குக் குறையக்கூடாது, கைப்பிடி வேண்டும், அளக்கும்போது அது காலியாக இருக்க வேண்டும்.

மூன்றாவதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். ஆறு குறிப்புகளில் எனக்குச் சந்தேகமே இல்லாதது இது ஒன்றுதான். ஒருவர் எழுந்ததும் மெத்தையில் பள்ளம் விழுந்திருக்கும். அதை அப்படியே விட்டால் பஞ்சு அந்த இடத்தில் படிந்துபோகும். ஒரு வருடத்தில் மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். எழுந்தவர் வாசற்படியைத் தாண்டுவதற்குள், இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டிலிருந்து ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. வாரம் ஒருமுறை மெத்தையைப் புரட்டிப் போட வேண்டும். நான் முப்பத்தைந்து வருடம் நூலகத்தில், திரும்பிவந்த புத்தகங்களை அதனதன் தட்டில் வைக்கும் பிரிவில் இருந்தவன். அடுத்து வருகிறவருக்கு முன்னால் வந்தவரின் சுவடு தெரியக்கூடாது என்பதே எங்கள் பாடம். எங்கள் வீட்டுப் பழைய நாற்காலி மெத்தைகள் இருபத்தாறு வருடமாகக் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கின்றன. உங்கள் சோபாவில், ஜன்னலோரமாக, ஒரு பள்ளம் இருக்கிறது. அது யாருடைய பள்ளம் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஈரத்துக்கு, குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள், அவ்வளவுதான். சத்தத்துக்கு நாற்காலிக் கால்களின் அடியில் கம்பளித் துண்டு ஒட்டலாம். ஆனால் கீழே எங்களுக்கு, அதாவது எனக்கு, கேட்பது நாற்காலிச் சத்தமல்ல. நேற்று அவள் பதினோரு முறை சிரித்தாள். நீங்கள் அப்படி என்னதான் சொல்கிறீர்கள்? என்னிடமும் இரண்டு வேடிக்கையான சம்பவங்கள் உண்டு. இரண்டும் நூலகத்தில் நடந்தவை. அவளுக்கு இரண்டும் தெரியும்.

வருகிறவர்கள் இருக்கும் நேரத்தைப் பற்றி: முக்கால் மணி போதுமானது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அதற்குமேல் போனால் வீட்டுக்காரர்களுக்கும் களைப்பு, திரைச்சீலைக்கும் களைப்பு. நல்ல வீட்டுக்காரர் ஐந்து மணிவாக்கில் கோப்பைகளை எடுத்துவைத்து, ஜன்னலை ஒருமுறை மூடித் திறந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று பொதுவாகக் கேட்கலாம். புரிந்துகொள்வார்கள். சொந்த அக்கா தங்கை வீட்டுக்கு வருவது வருகையில் சேருமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த மூன்று மணி நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இங்கேதான் இருந்தாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

ஆறாவதை எழுதிவிடுகிறேன். அவளுடைய தையல் மெஷினை வருகிற சனிக்கிழமை உங்கள் வீட்டு ஜன்னலோரத்துக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னாள். தூக்க இரண்டு ஆட்களுக்கும் சொல்லிவிட்டாளாம். ஆள் மேலே வருவது வேறு. மெஷின் வருவது வேறு. மெஷின் போய்விட்டால் காலையிலும் போவாள். பிறகு சாப்பாட்டுக்கு இறங்கி வருவாள். பிறகு சாப்பாடும் உங்கள் வீட்டில் என்றாகும். பிறகு இந்த வீட்டில் மெத்தைகளும் நானும்தான். ஜன்னலோரத்தில் நீங்கள் ஒரு அலமாரி வைக்கப் போவதாக, உங்கள் யோசனையாகவே, அவளிடம் சொல்ல முடியுமா? நல்ல அலமாரி ஒன்று நானே அளந்து செய்துதருகிறேன். இந்த முறை காலியாக இருக்கும்போதுதான் அளப்பேன்.

உங்களைக் கண்டால் எனக்குப் பொறாமை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர்கள் சொல்வது சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். நீங்களும் மைத்துனியும் நோய்நொடி இல்லாமல், கூரை ஒழுகாமல், குழாய் அடைக்காமல், நெடுங்காலம் அந்த வீட்டில் நிறைவாக வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். அந்த நிறைவு உங்கள் இருவரோடு நிறைவதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது ஏழு மணியாகிவிட்டது, அவள் வந்துவிட்டாள். என்ன அது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிட்டேன். அந்தப் புதுச் சோபாவில் முதல்முறையாக உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் படித்தாள். ஐந்தாவது குறிப்பில் ஒருமுறை தலை நிமிர்ந்தாள். ஆறாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். முடித்தபின் இரண்டு கைகளையும் நீட்டினாள். பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அவள் நின்றதும் என் கைகள் தாமாகவே மெத்தையிடம் போய்விட்டன. பக்கவாட்டில் ஒன்று, மேலே ஒன்று.

"இதுக்குத்தாங்க நான் மேல போறேன்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"விளக்குக்கும் இல்ல, சோபாவுக்கும் இல்ல. நான் எழுந்து ரெண்டு அடி வைக்கறதுக்குள்ள நான் உக்காந்த எடத்தத் தட்டி எடுத்துடறீங்க. நாப்பத்திரெண்டு வருஷமா. நான் இந்த வீட்ல இருக்கேங்கறதுக்கு ஏதாவது அடையாளம் இருக்கா? அங்க நேத்து உக்காந்த குழி இன்னிக்கும் அப்படியே கெடக்கு. தங்கச்சி அதக் காட்டி, 'அக்கா, உன் எடம்'ங்கறா."

நூலகத்தில் ஒரு புத்தகம் திரும்பி வந்தால் என்று ஆரம்பித்தேன்.

"நான் என்ன, திரும்பி வந்த புத்தகமா?"

மெஷின் என்று மட்டும் கேட்டேன். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். பிறகு மறுபடி அதே சோபாவில் போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே நன்றாக அழுத்தி உட்கார்ந்து, கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாற்பது நிமிடமாகிறது. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளம் அங்கேயே இருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் ஆழமாக இருக்கிறது. அவள் இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவள் என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது.

ஆகவே அலமாரி வைக்க வேண்டாம். அவளிடம் ஒன்றும் சொல்லவும் வேண்டாம். ஐந்தையும் ஆறையும் படிக்காதது போல இருந்துவிடுங்கள். மற்றவற்றில் சரி எது, தவறு எது என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றைத் தவிர. மூன்றாவது குறிப்பு தவறு.