ஆமையைக் கொன்ற அக்காவின் டப்பா

பிறர் தவறைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் வீட்டுச் சமையலறையில் கண் தெரியாது. நாளிதழ் ஒன்றில் பதினாறு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன் சொல்கிறேன்.

மகள் கவினா மூன்றாம் ஆண்டு படித்தபோது, கடலில் சேரும் நெகிழிக் குப்பை பற்றிச் சிறுவர்களுக்கு ஓர் அசைவூட்டப் படம் தேவை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழு மயான அமைதி காத்தது. நான் மட்டும் "செய்துவிடலாம்" என்று எழுதினேன். (எனக்குப் படம் வரையத் தெரியாது. அது ஒரு தடையாக அன்று தோன்றவில்லை.)

வரையத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. களிமண் பொம்மையை மேசையில் வைத்து, இம்மியளவு நகர்த்தி, மேலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்தி இன்னொன்று. நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது. ஆமையைக் கவினா செய்தாள். பச்சை நிற வடைக்கு நான்கு கால் முளைத்தது போல இருந்தது.

குப்பைதான் கிடைக்கவில்லை. வீட்டில் சேர்ந்திருந்ததையெல்லாம் மனைவி மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டிருந்தாள். அடுப்படி அலமாரியைத் திறந்தேன். சரோஜா அக்காவின் நெகிழிச் சாப்பாட்டு டப்பா இருந்தது.

என் அக்கா உலு திராமில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வார நாள்களில் விடியுமுன் பஸ் பிடித்து, எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போவார். வார இறுதியில் வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பார். யோங் பெங் கல்யாணம், சிம்பாங் ரெங்கம் காதுகுத்து என்று டப்பாக்கள் ஊர் ஊராகப் போகும், திரும்பாது. அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் பெயரும் ஊரும் எழுதி, "திருப்பிக் கொடுக்கவும்" என்றும் சேர்த்திருப்பார்.

அந்தச் சமயம் அவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்த விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் சிங்கப்பூர்ப் பயணம் முடியும். நெகிழியைக் குறைப்பவருக்கே முன்னுரிமை என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

"டேய் கதிரு, படத்த ஒழுங்கா எடு லா. எச்.எம். முன்னுக்கு என் மானத்த வாங்கிடாத" என்றார் அக்கா.

டப்பாவை ஆமையின் மேல் கவிழ்த்தேன். அடியிலிருந்த சிவப்புக் கோடுகள் கண்ணில் படத்தான் செய்தன. பவளப்பாறை போல அழகாக இருக்கிறது என்று இன்னும் நடுவுக்கு நகர்த்தினேன். கைப்பேசித் திரையில் அது கட்டைவிரல் நகத்தளவுதான்.

பள்ளி மண்டபத் திரையோ சுவரளவு. முன்வரிசையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். புதிதாக எழுத்துக் கூட்டக் கற்றவர்கள், கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படிப்பவர்கள். பின்னால் தலைமையாசிரியர். அவருக்கும் பின்னால், பட்டுப்புடவையில் அக்கா.

ஆமை நீந்தியது. டப்பா வந்து கவிழ்ந்தது. ஆமை அசைவற்றது. என் குரல், செய்தி வாசிப்பவரின் கனத்தோடு, கேட்டது: "இந்த ஆமையின் மூச்சை அடைத்தது யார்?"

"ச... ரோ... ஜா!" என்றன முப்பது பிஞ்சுக் குரல்கள். "உ... லு... தி... ராம்!"

"அலமாக்! அப்பா, அது அத்தை டப்பா லா!" என்றாள் கவினா. அவள் கிசுகிசுத்ததாகத்தான் இன்றும் சொல்கிறாள்.

மண்டபமே சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "ஒரு துண்டு டேப்பு ஒட்ட ஒனக்குக் கை வரலயாடா? நாளைக்கும் நாலு மணிக்கு எந்திரிச்சி பஸ்ஸுக்கு ஓடணும் நானு" என்றார் தாழ்ந்த குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தலைமையாசிரியர் திரும்பி வந்தார். கையில் ஒரு டப்பா. உள்ளே காகிதக் கவ்விகள். அதைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார். சிவப்பு நகப்பூச்சு.

"போன தீபாவளிக்கு முறுக்கு வந்துச்சி. நான் இன்னும் திருப்பிக் குடுக்கல" என்றார். "இவங்க குடுங்கன்னு எழுதிதான் அனுப்புறாங்க. குடுக்காதது நாமதான். வேற யார் வீட்ல எல்லாம் இருக்கு?"

சிரிப்பு நின்றது. பலர் தரையைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கு முப்பத்தொரு டப்பாக்கள் வந்தன. (மூன்று என் வீட்டிலிருந்து.)

சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கே கிடைத்தது. இப்போது ஆறு மணிவரை தூங்குகிறார். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் கண்ணாடி உடைந்தாலும் கறி கருகினாலும் யாராவது என் குரலைக் கனமாக்கி, "ஆமையின் மூச்சை அடைத்தது யார்?" என்பார்கள். வீட்டுப் பிள்ளைகள் முகவரியோடு பதில் சொல்லும்.

அக்கா இன்றும் எங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறார். எங்கள் வீட்டுக்கு வரும் டப்பாக்களில் மட்டும், "திருப்பிக் கொடுக்கவும்" என்பதற்குக் கீழே, அதே நகப்பூச்சில் இன்னொரு வரி இருக்கிறது: "நடிக்க வைக்கக் கூடாது."