ஏறாத கொடிக்கு நாலு வகைக் கம்பு

அப்புத்தளைச் சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், துரைசானியின் ஒரு புன்னகைக்கு விலை ஏழடிப் பூங்கொடி. பங்களாப் பூப்பாத்திக்குப் பொறுப்பான ரெங்கசாமியிடம் அன்றைய கையிருப்பு ஒரு சாண்.

"செடி ஏன் ஏறல்லே, ரெங்கசாமி?"

"யோசிக்குதுங்க, தொரசாணி."

"ரெண்டு மாசமா யோசிக்குதா?"

செடி பூப்பட்டாணி. காய்த்தால் தின்ன முடியாது. பூத்தால் முகர்ந்து பார்க்கலாம். பக்கத்துக் கொஸ்லந்தத் தோட்டத்துத் துரைசானி அன்போடு காகிதத்தில் மடித்து அனுப்பிய விதை. பதுளைப் பூக்கண்காட்சியில் போன வருஷம் வெள்ளிக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு போனவரும் அந்த அன்பானவர்தான். இந்த வருஷம் கிண்ணம் இந்தப் பங்களாவுக்கு வந்தால் ரெங்கசாமிக்கு ஒரு புதுச் சட்டை. வராவிட்டால் கவ்வாத்துக் கத்தி. உச்சி மலையில், மழையில், அட்டைக்கடியோடு தேயிலைச் செடி வெட்ட வேண்டும்.

"நீ ஊன்றின மூங்கில் வழுக்குது," என்று துரைசானி தீர்ப்பளித்தார். "எங்க ஊர்லே மிளாறு வைப்பாங்க."

மிளாறுக்கு அங்கே பஞ்சமில்லை. கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் குச்சிகளில் நாலு கட்டைத் தூக்கி வந்தான். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் அடுப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த கட்டுகள் அவை. அன்று மாலை மனைவி இராக்கம்மா அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"வெறகைத் தூக்கிப் பூவுக்குக் குடுத்தீங்களாமே. போங்க, அந்தப் பூவையே அவிச்சுத் தின்னுங்க. லயத்துல ஒருத்தி என்கூடப் பேசல்ல."

பட்டினியோடு படுத்தான். செடி மிளாற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது முள்முருங்கை. தேயிலைக்கு நிழலாக நிற்கும் மரத்தில் எட்டடிக் கம்புகளாக வெட்டி, முள்ளைச் சீவி, வரிசையாக ஊன்றினான். மூன்றே வாரத்தில் கம்புகள் வேர்பிடித்துத் துளிர்த்தன. ஏற வேண்டியது உட்கார்ந்திருந்தது. நிற்க வேண்டியது ஏறிக்கொண்டிருந்தது.

"நான் பூ கேட்டேன். நீ காடு போட்டிருக்கே."

"நெழல் நல்லதுங்க, தொரசாணி."

பிடுங்கினான். கம்போடு கால்வாசிப் பாத்தியும் வந்தது.

பங்களாச் சமையல்காரன் நிஸாம் புகை விட்டபடி யோசனை சொன்னான்: "கோழிக்கூட்டு வலையக் கழட்டிக் கட்டுப்பா. ஓட்டைக்கு ஓட்டை கால வச்சு ஏறிரும்."

ஏறியவை கோழிகள்தான். வலை போன கூட்டிலிருந்து பதினொன்றும் புறப்பட்டு, பாத்தியைக் கிளறிவிட்டு, தேயிலைக்குள் எங்கோ போய் முட்டையிட்டன. மனைவியின் பூக்கவலையை மூன்று மாதம் பொறுத்த துரை, காலை முட்டை இல்லாததை ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வா. கத்தியோட."

கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. ரெங்கசாமி குந்தியிருந்து கத்தியைத் தீட்டினான். பக்கத்தில் மூங்கில், மிளாறு, முள்முருங்கை, வலை எல்லாம் குவியலாகக் கிடந்தன. தப்பிப் பிழைத்த செடிகளோ கொஞ்சமும் கூச்சமில்லாமல் சாண் உயரத்திலேயே பூத்திருந்தன. துரைசானி விறாந்தையில் நின்று அவற்றை முறைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது கொஸ்லந்த பங்களாவின் ஆயா அங்கம்மா, இரண்டு சுமைகாரர்களோடு உள்ளே வந்தாள். குவியலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சலாமுங்க, தொரசாணி. எங்க கொடி கூரையத் தாண்டிப் போயிருச்சு, கம்பு பத்தல்லீங்க. உங்களுக்குன்னு குட்டைச் சாதி வெதையாப் பொறுக்கித்தானே அனுப்புனோம், அதுக்குக் கம்பே வேணாம், உங்க கம்பெல்லாம் சும்மாதான் கெடக்கும், கேட்டு வாங்கியான்னு எங்க தொரசாணி சொன்னாங்க. கண்காட்சி முடிஞ்சதும் எண்ணித் திருப்பித் தந்துருவோமுங்க."