ஓடாத பப்படமும் முட்டை அங்கிளும்

கோழி ஒன்றுகூட வளர்க்காமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கொட்டாஞ்சேனையில் எங்கள் கீழ்வீட்டில் இருந்தார். நம்பாத பிள்ளைகள் முழுவதையும் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, அவருக்குப் பெயர் முட்டை அங்கிள். புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் கிளார்க். ஒரு காணிக்கு உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், எழுதுவதற்கு முன், அது இப்போது யாருடையது, அவருக்கு யார் கொடுத்தது, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் சிரோமி கனடாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையும் எடுத்துவிட்டாள். போகும்போது தன் கேம் மெஷினை மேசையில் வைத்து, "சார்ஜ் மட்டும் போட்டு வையுங்கோ அப்பா. பப்படம் உள்ளுக்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

பப்படம் ஒரு பிராணி. விதவிதமான பிராணிகளைப் பிடித்து வளர்த்துப் போட்டிக்கு விடுகிற கேம் அது. பப்படத்துக்குப் பச்சை நிறம், தட்டை முகம், வாலில் ஓர் இலை. சிரோமி பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிளுக்கு அதைப் பார்க்க ஆசை வந்தது. பட்டன் தெரியாமல் புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். அப்படியே அணைத்திருந்தால் பப்படம் பிழைத்திருக்கும். ஆனால் மெஷின், பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் பதியவா என்று கேட்டது. பழைய உறுதியை ரத்துச் செய்து புதியதைப் பதிவது அங்கிளுக்கு அன்றாட வேலை. பதியாமல் மேசையை விட்டு எழும்புகிற பழக்கமும் இல்லை. ஓம் என்று அழுத்திவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பிள்ளையின்ர பப்படத்தை அழிச்சுப்போட்டன் தம்பி. வாற நத்தாருக்கு அவள் வாறாள்." கிறிஸ்மஸுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது.

வேறொன்றைப் பிடித்து அதே பெயரை வைக்கலாம் என்று எங்கள் பிள்ளைகள் யோசனை சொன்னார்கள். அங்கேதான் சிக்கல். சிரோமியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் பப்படத்தின் ஆறு எண்கள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பிராணிக்கும் பிறக்கும்போதே பலம், ஓட்டம், தாங்கும் சக்தி என்று ஆறு எண்கள், பூச்சியத்திலிருந்து முப்பத்தொன்றுக்குள், உள்ளே ஒளிந்திருக்கும். கேம் அவற்றைக் காட்டாது. பிராணி வளர்ந்த விதத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பிராணிகளைச் சோடி சேர்த்தால் முட்டை வரும். குஞ்சுக்குச் சில எண்கள் தாயிடமிருந்து, சில தகப்பனிடமிருந்து, மிச்சம் கடவுள் விட்ட வழி.

வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுதானே, சிரோமிக்கு எப்படித் தெரியப்போகிறது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே தம்பி. உள்ளுக்குள்ள வேற ஆளை வச்சுக்கொண்டு, இந்தா பப்படம் எண்டு எப்பிடிக் குடுக்கிறது?"

அன்றிலிருந்து தொடங்கியது. தடித்த அட்டை போட்ட பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, "மேற்குறித்த தாயாருக்கும் மேற்குறித்த தகப்பனாருக்கும் பிறந்த நூற்றுநாற்பத்திரண்டாவது குஞ்சு" என்று உறுதி எழுதுகிற தமிழிலேயே பதிந்தார். முட்டை பொரிக்க வேண்டுமானால் கேமுக்குள் இருக்கிற ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கிள் பெருவிரலுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த ஆளை நடத்தினார். பொரித்துவிட்டதா என்று கண்டக்டர் சிங்களத்தில் விசாரிப்பார். பின்சீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு குஞ்சு வெளியே வரும் சமயம் புதுக்கடை வந்துவிட, அங்கிள் இறங்காமல் பஸ்ஸின் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போனார். அன்று அரை நாள் லீவு.

பப்படத்தின் மற்ற ஐந்து எண்களும் நல்லவை. ஓட்டம் மட்டும் மூன்று. அதுதான் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் முப்பத்தொன்று வேண்டும் என்று தவம் கிடக்கும்போது, அங்கிள் மூன்றைத் தேடினார்.

"இது முப்பத்தொண்டு அங்கிள்! ஆருக்கும் கிடைக்காது" என்று என் மூத்தவன் கெஞ்சினான்.

"நல்ல பிள்ளைதான் மகன். ஆனா எங்கட பப்படம் ஓடாது."

அதை அவனுக்கே கொடுத்துவிட்டார். அந்த வருடம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் யாரிடமும் தோற்கவில்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் அங்கிள் வேண்டாமென்று தள்ளியவை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்துவார். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அல்லவா. ஒருநாள் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த எனக்கு அவர் மன்றாட்டு காதில் விழுந்தது. ஓட்டம் மூன்று வேண்டுமாம். அந்தப் புனிதரிடம் இதற்கு முன் யாரும் மெதுவான பிராணி கேட்டிருக்கமாட்டார்கள்.

டிசம்பரில் ஒரு காலை நான் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது, செருப்பில்லாமல் மேலே ஓடி வந்தார். ஆறு எண்களும் பொருந்திவிட்டன. மெஷினையும் கொப்பியையும் நீட்டினார்.

நத்தாருக்கு முதல் வாரம் சிரோமி வந்தாள். அவளுடைய சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போன நானும் அங்கே நின்றேன். மெஷினைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். அங்கிள் வழக்கில் தீர்ப்புக்கு நிற்பவர் மாதிரி நின்றார்.

"இது என்ர பப்படம் இல்லை அப்பா."

அங்கிள் ஆறு எண்களையும் கொப்பியைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். அவள் திரையின் மூலையைக் காட்டினாள். முட்டையைப் பொரிக்க வைத்தவர் யாரோ, அவர் பெயர்தான் அங்கே விழும். அதில் அப்பாவின் பெயர் இருந்தது. முப்பது வருடமாகக் காணிகளுக்குச் சொந்தக்காரர் தேடிய மனிதர், அந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை.

நடந்ததைச் சொன்னார். சிரோமி கொப்பியை வாங்கி, முதலாம் குஞ்சிலிருந்து கடைசிக் குஞ்சு வரைக்கும் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

"ஒரு வருசமா இதையா செய்துகொண்டு இருந்தனீங்கள்? தனிய?"

"தனிய எண்டு இல்லை பிள்ளை. பஸ்ஸில சனம் இருந்தது."

அவள் கொப்பியை மூடிவிட்டு அப்பாவின் பிளாஸ்டர் சுற்றிய விரலைப் பிடித்துக்கொண்டாள். "என்னோட வாங்கோ அப்பா" என்றாள்.

அடுத்த வருடம் அங்கிள் கனடாவுக்குப் போய்விட்டார். கீழ்வீட்டில் இப்போது வேறு ஆட்கள். நல்ல சனம்தான். மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பார்கள், கதவைச் சாத்துவார்கள்.

போன மாதம் எங்கள் பிள்ளைகளின் கேமுக்கு அங்கிள் அங்கிருந்து ஒரு முட்டை அனுப்பினார். உள்ளே என்ன எண்கள் என்று சொல்லவில்லை. நடத்திப் பொரிப்போம் என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். பொரித்தால் எங்கள் பெயர் விழுந்துவிடும். பொரிக்காதவரைக்கும் அது அங்கிளுடையது. நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.