பால்டின்னைக் காத்த கட்டைவிரல்

வாழ்க சுப்பையன். மதயானையின் பெயர் சுமக்கும் காஜா பெராங் வீதியில் பிறந்து, பங்கீட்டு அட்டையை மார்க்கவசமாய் அணிந்து, மலாயாவின் அவசரகாலத்து வெயிலில் ஒன்றரை மணிநேரம் அசையாது நின்ற வரிசை வேந்தன். கட்டம்போட்ட கைலி தரித்த காளை. மனைவி அஞ்சலையின் ஆணைக்கன்றி எவர்க்கும் அஞ்சாத அண்ணல். அவன் வலக்கைக் கட்டைவிரல் புரிந்த போரைச் சொல்லப் புகுகின்றோம்.

அன்று பிற்பகல் தம்பின் ஊர் பஸ்ஸில் வரவிருந்தவர் அஞ்சலையின் அண்ணன் மருதமுத்து. சுப்பையன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையொன்றில் தம் பெயர் விடுபட்டதால், இரண்டாண்டாக அவனோடு ஒரு சொல்லும் பேசாதவர். அம்மௌனம் மலாக்கா நீரிணையினும் அகன்றது. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளினும் அவனை வருத்தியது. அதைத் தகர்க்கும் படைக்கலத்தை அடுக்களை அரியணையிலிருந்து அஞ்சலை அறிவித்தாள்: "பால் தேத்தண்ணி குடுத்துத்தான் எங்கண்ணன உக்கார வைக்கணும். டின் இல்லாம வராதீங்க."

ஹாஜாவின் மளிகைக்கடையில் எஞ்சியிருந்தது ஒரே டின். காட்டிலிருப்போர் கைக்கு உணவு போகலாகாதென்று, விற்கும்போதே டின்னைத் துளைத்துக் கொடுப்பது அந்நாளைய சட்டம். ஹாஜா ஆணியும் சுத்தியலும் ஏந்தினார்.

"கொஞ்சம் சின்னதாக் குத்துங்க பாய். நடந்து போகணும்."

"சட்டத்துல சின்ன ஓட்டை, பெரிய ஓட்டைன்னு இல்ல சுப்பையா. ஓட்டைன்னா ஓட்டைதான்."

ஆணி இறங்கியது. வெண்குருதி ஒரு துளி அரும்பியது. அக்கணமே கட்டைவிரல், கோட்டைவாயிலைத் தன் உடலால் அடைக்கும் மாவீரனெனத் துளைமேல் பாய்ந்து அமர்ந்தது. இடக்கையில் பங்கீட்டு அரிசிப்பை தொங்க, வலக்கையில் டின் திகழ, ஈப்படை நாற்றிசையும் வளைக்க, எதிர்ப்பட்டோர் வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்து, மூக்குநுனியில் எழுந்த அரிப்பையும் தவமெனப் பொறுத்து அவன் நடந்தான். நடக்க நடக்கக் கைலி ஓர் அங்குலம் தளர்ந்தது; பிறகு இன்னோர் அங்குலம். புறப்பகையை வென்றுவந்தவன் இடுப்புப்பகையை மறந்திருந்தான்.

வீட்டுக்கு நாற்பது அடி இருக்கையில், சோதனைக்கு நின்ற காவலர் கை நீட்டினார்.

"ஐசி."

அரிசிப்பையைத் தரையில் இறக்கி, அடையாள அட்டையை இடக்கையால் எடுத்து நீட்டினான். அதன் மறுமுனையை அரசாங்கம் பற்றிய அந்நேரம் பார்த்துக் கைலியின் முடிச்சு அவிழ்ந்தது. மானமும் பாலும் ஒருசேர அவன் முகம் பார்த்தன. ஊழியென நீண்ட அந்நொடியில், அவனைக் கேளாமலே வலக்கை இடுப்புக்குப் பறந்தது. டின் வானில் வெண்சரம் வரைந்து சாக்கடையில் வீழ்ந்தது. துளையற்ற டின்னாயின் கழுவி எடுத்திருக்கலாம். இதுவோ சட்டப்படி துளைக்கப்பட்டது, ஆதலின் சட்டப்படியே சாக்கடையைக் குடித்தது.

அரிசிப்பையோடு மட்டும் வந்தவனை அஞ்சலை ஏறிட்டாள்; சீனி டப்பாவை இறக்கினாள். அண்ணன் வந்து அமர்ந்ததும், வாரப் பங்கீட்டுச் சீனி முழுவதையும் கலக்கிய கருந்தேநீரை, தோற்ற நாட்டின் கடைசித் திறைபோல் அவர்முன் வைத்தாள். சுப்பையன் தூணோடு தூணாய் நின்று தன் கட்டைவிரலையே பார்த்திருந்தான்.

மருதமுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி தூக்கலா இருக்கு மாப்ள," என்றார்.