துளசிங்கத்தின் வடக்கு

மானுட நாகரிகம் கண்ட விதிகளுள் ஆகச் சிறந்தது, திருத்தணிச் சாரணர் படை ஒன்றில் வழங்கிவரும் எழுதப்படாத விதியே: வழி தவறிவிட்டது என்று எவரும் வாய் திறந்து சொல்லலாகாது. பாதை 'விரிவடையலாம்'. பயணம் 'செறிவுறலாம்'. தவறுவது மட்டும் கிடையாது.

இவ்விதியின் நடமாடும் உரை துளசிங்கம். எட்டு வயதில் குருளைச் சாரணராகச் சேர்ந்து, அரைக்கால் சட்டையிலேயே வளர்ந்து, சம்பளமில்லாத படைத்தலைவராக நரைத்தவர். திருமணத்தன்று அவர் போட்ட தாலி முடிச்சு, கப்பலைக் கட்டினாலும் அவிழாத வகையைச் சேர்ந்தது என்று மனைவி கௌரியம்மாள் இன்றும் சொல்வதுண்டு. பெருமையாகத்தான் சொல்கிறாரா என்பது ஆய்வுக்குரியது.

ஆண்டுதோறும் அவர் படையைத் திசைகாட்டியின் துணையோடு கனகம்மாசத்திரத்துக்கு நடத்திச் செல்வார். அவ்வூருக்குச் சாலை இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது. எங்கிருந்து திரும்பிப் பார்த்தாலும் முருகன் மலையும் கண்ணில் படும். ஆயினும் மலையைப் பார்த்துத் திசை அறிவது பாமரர் வழக்கம். சாரணர், திசைகாட்டியை மார்போடு அணைத்துப் பிடித்து நடப்பார்.

தலைவரான முதல் ஆண்டு துளசிங்கம் பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தார். அதைப் பாராட்டி மாவட்ட ஆணையர் சிவப்பிரகாசம் அவர் மார்பில் ஒரு பதக்கம் குத்தினார். இரும்பில் வார்த்து, பொன்முலாம் பூசியது. "பாராட்டுக்கு எடை வேணும்யா" என்பது ஆணையரின் கொள்கை.

அதன்பின் துளசிங்கம் ஒருமுறைகூடக் கனகம்மாசத்திரத்தைக் காணவில்லை. ஓர் ஆண்டு பாதை கே.ஜி.கண்டிகை வரை விரிவடைந்தது. சென்ற ஆண்டு மணவூர் ரயில் நிலையத்தில் செறிவுற்றது. ஒவ்வொரு விரிவுக்கும் சட்டையில் இன்னொரு இரும்புப் பதக்கம்.

இவ்வாண்டு அவருக்கு விடைபெறும் ஆண்டு. 'வாழ்நாள் சேவை'ப் பதக்கம் கனகம்மாசத்திரத்தில் காத்திருந்தது; அதனைக் குத்த ஆணையரும் உடன் நடந்தார். துளசிங்கத்தின் ஆசையோ வேறு. அந்த ஊர்ப் பெயர்ப்பலகையை இன்னும் ஒரேயொரு முறை பார்த்துவிட வேண்டும். அதற்காக இரவெல்லாம் திசைகாட்டியைத் துடைத்து வைத்திருந்தார்.

உச்சி வெயிலில் கைப்பேசி ஒலித்தது. விழாப் பந்தலிலிருந்து கௌரியம்மாள்.

"சோறு ஆறிப்போவுது. எங்க இருக்கீங்க?"

"வந்துகினே இருக்கோம்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. பின்னாடி ரயில் கூவுச்சு."

அப்போது படை ஒரு தேநீர்க் கடையை அடைந்தது. கடைப் பலகை முழுவதும் தெலுங்கு. அணித்தலைவி மோனிஷா அதை அண்ணாந்து பார்த்தாள்.

"சார், போர்டு..."

"போர்டுக்கு இன்னாம்மா?"

மோனிஷா விதியை அறிந்தவள். "ரொம்ப அழகா எழுதிக்கிறாங்க சார்."

"ரண்டி, ரண்டி! டீ தாகண்டி!" என்று தெலுங்கிலேயே தேநீர் குடிக்க அழைத்தார் கடைக்காரர்.

ஆணையர் முகம் மலர்ந்தது. "பாதை மாநில எல்லையையே கடந்திருக்குது! இதுவரைக்கும் எந்தப் படையும் தொடாத விரிவு. விழாவை இங்கியே வெச்சுக்கலாம். போய்ச் சேர்றதா முக்கியம்? சேரணும்ங்கிற மனசுதான்யா முக்கியம்."

துளசிங்கம் திசைகாட்டியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, விறைப்பாக நின்றார். ஆணையர் பையிலிருந்து வாழ்நாள் பதக்கத்தை எடுத்தார். இட்லித் தட்டளவு இரும்பு. அது பெஞ்சைக் கடந்தபோது திசைகாட்டியின் ஊசி அதன் பின்னாலேயே திரும்பியது.

"பார்த்தீங்களா! ஊசியே உங்களுக்கு சல்யூட் அடிக்குது!"

படை கைதட்டியது. துளசிங்கம் தட்டவில்லை. பதக்கத்தை வாங்கி இடப்பக்கம் நகர்த்தினார். ஊசி இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் வந்தது. பதக்கத்தை அப்பால் வைத்துவிட்டு, பெஞ்சின் மேல் மெல்லக் குனிந்தார். ஊசி ஒரு சுற்றுச் சுற்றி, அவர் மார்பைக் காட்டி நின்றது. சுற்றிவந்து எதிர்ப்பக்கம் குனிந்தார். அங்கும் மார்பையே காட்டியது. இத்தனை ஆண்டுகளும் வடக்கு அவர் சட்டையில்தான் இருந்திருக்கிறது.

"காத்து அடிக்குது சார், அதான்" என்றாள் மோனிஷா அவசரமாக.

துளசிங்கம் பதக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எல்லாவற்றையும் ஆணையரின் கையில் குவித்தார், கை தாழ்ந்தது. பிறகு, பாமரரைப் போல, தலையைத் திருப்பிப் பார்த்தார். வெகு தொலைவில், அவர்களுக்கு நேர் பின்னால், முருகன் மலை நின்றது.

"நாம வழி தவறிட்டோம்" என்றார் உரக்க.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கைகூட நின்றது. மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாயா இது, பசங்க முன்னாடி!" ஆணையர் பதறினார். "எங்க தவறினோம்? எப்போ?"

"மொதல் பதக்கம் குத்தினீங்களே சார், அன்னிக்கு."