வட்டிலம்மாவின் உறுமல்

பசியாவரம் ஏரிக்கரையில் அன்று வலை உலர்த்த இடமில்லை. அவ்வளவு கூட்டம். எதிர்க்கரையில் ஒல்லாந்தர் கோட்டைப் பீரங்கி வெடித்திருந்தால்கூட ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். குறி சொல்லும் செங்கல்வராய சாமி வட்டிலைத் தட்டப் போகிறார் அல்லவா?

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது ஊர் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். சாமி வந்த பிறகு சீட்டுக்கு வேலை போய்விட்டது. வட்டிலம்மா என்ற அம்மன் குடியிருப்பதாக அவர் சொன்ன வெண்கல வட்டிலை இடது கையில் ஏந்தி, பெயரைச் சொல்லி, கட்டையால் தட்டுவார். ஒலி ஒரே சுரமாய்ச் சுத்தமாக நீண்டால் பாடு உண்டு. கரகரத்தால் தோஷம். கொழுத்த இறால் கொடுத்த வீட்டுக்கு மட்டும் வட்டிலம்மா தவறாமல் இனிமையாகப் பாடினாள். அம்மனுக்கும் நாக்கு ருசி இருக்காதா என்ன?

மணியம்மாள் இறால் கொடுக்கவில்லை. அவள் புருஷன் தசரதன் பெயருக்கு வட்டில் உறுமியது. பருவம் முழுக்க வலை இறங்காவிட்டால் வீட்டில் உலை ஏறாது. தசரதன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மணியம்மாளோ வட்டில் ஏந்திய கையைக் கூர்ந்து கவனித்தாள். சாமியின் கட்டைவிரலில் இருந்த இரும்பு மோதிரம் வட்டில் விளிம்பை உரசுவதை அவள் பார்த்துவிட்டாள். தலையிலிருந்த நண்டுக் கூடையை இறக்கி, அதன் அடியில் இருந்த துணிச் சும்மாட்டைத் தரையில் வைத்தாள்.

"சாமி, வட்டில இந்தச் சும்மாட்டு மேல வெச்சிட்டு தள்ளி நில்லு. நான் தட்றேன்."

"அம்மன் கோச்சுக்குவா."

"கோச்சுக்கினா என் மேலதான? உனக்கு இன்னாத்துக்கு வேர்க்குது?"

கூட்டம் சிரித்தது. சாமிக்கு வேறு வழியில்லை. அவள் தசரதன் பெயரைச் சொல்லித் தட்டினாள். சுத்தமான சுரம். கருவாடு திருடும் நாயின் பெயரைச் சொன்னாள். அதற்கும் அதே சுரம். பிறகு கூடையிலிருந்த நண்டுக் கொடுக்கை விளிம்பில் லேசாகப் பட வைத்து, "செங்கல்வராயன்" என்று தட்டினாள். வட்டில் உறுமியது.

"தனியா வுட்டா ஒரே சுரம். ஓரத்துல எதுனா பட்டா அது மேல இன்னும் பத்து சுரம் ஏறிக்கினு கத்துது. தோஷம் என் புருஷன்கிட்ட இல்ல, உன் மோதரத்துல இருக்குது."

சாமி வட்டிலைக்கூட எடுக்காமல் படகேறினார். ஊர் மறுபடி சீட்டுக் குடத்தை எடுத்தது. தசரதன் பெயரும் உள்ளே போனது.

சாமிக்கு எல்லோரையும்விட அதிகமாக இறால் சுமந்த முனியன் மெல்ல அருகில் வந்து கும்பிட்டான்.

"தாயே, அப்ப சக்தி அந்த நண்டுக் கொடுக்குலதான் இருக்குதா?"

"கொடுக்கு நண்டுக்கு வெச்சது. உனக்கு மூளைன்னு ஒண்ணு வெச்சிருக்குது. அத்த ஒரு தபா தட்டிப் பாருய்யா, சத்தம் வருதான்னு."