எட்டு மணி நேரச் சோறு

கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவனை அடுப்புப் பக்கம் விடவே கூடாது. நான்தான் சாட்சி. என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் செய்த ஒரே செய்முறைச் சோதனையில் ஒரு மூட்டை அரிசி கரியாகிப் போனது. அதுவும் கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்தில்.

எழுபதுகளின் கடைசி. ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கத்திலிருக்கும் லகாட்டுக்குக் குடிவந்திருந்தோம். அப்பா ஈப்போவில் பஸ் ஓட்டினார். நான் தலைநகரில் கணித ஆராய்ச்சி மாணவன். ஒரு பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் சமன்பாட்டோடு இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். (அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. அது வேறு விஷயம்.) "என் மவன் சூட்டப் பத்தி ஆராய்ச்சி பண்றான்லா" என்று அப்பா பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார்.

தங்கை சாந்திக்கு மாப்பிள்ளை பாகான் செராய்க்காரர். அவருடைய அப்பா நெல் விவசாயி. மருமகளாக வரும் பெண்ணின் வீட்டுக்குத் தங்கள் வயல் அரிசியில் ஒரு மூட்டை அனுப்புவதும், கல்யாண விருந்தில் அந்தச் சோற்றையே சாப்பிடுவதும் அவர்கள் குடும்ப வழக்கம். "அந்தச் சோறு மட்டும் கெட்டுச்சு, சாந்தி ஆயுசுக்கும் பேச்சு வாங்குவா" என்று அம்மா ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. விருந்து மாலை ஏழு மணிக்கு. எங்கள் சொந்தத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் சமைக்கும் மாரி அண்ணன், கமுந்திங்கில் லாரி ஓட்டுபவர், பெரிய அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினார்.

"எப்பண்ணே அடுப்பு மூட்டுவீங்க?" என்றேன்.

"அஞ்சரைக்கு மூட்டுனா போதும் தம்பி. செனாங் வேலலா, சுலுவா முடிஞ்சிரும்."

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றும்.) வீட்டுப் பானை ஒரு சாண் அகலம், சோறு வேக அரை மணி. அண்டா நான்கு சாண். அகலம் நான்கு மடங்கானால் வெப்பம் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும் நேரம் அதன் வர்க்கம், அதாவது பதினாறு மடங்கு. ஆக, எட்டு மணி நேரம்! பதினொரு மணிக்கே மூட்டியாக வேண்டும்.

"முப்பது வருசமா ஆக்குறேன் தம்பி..."

"மாரி, அவன் யூனிவர்சிட்டில படிக்கிறான்லா" என்றார் அப்பா.

மாரி அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. விறகை அடுக்கி, தீ மூட்டி, அரிசியைப் போட்டு, "நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். யாரையும் மூடியைத் திறக்க விடவில்லை. திறந்தால் என் கணக்கின் எல்லை நிபந்தனைகள் மாறிவிடுமாம். முக்கால் மணி நேரத்தில் அத்தை மூக்கைச் சுளித்தார்.

"அடி பிடிக்குதுடா."

"ஓரம் அப்படித்தான் இருக்கும் அத்தே. நடுப்பக்கம் இன்னும் பச்சை."

ஒன்றரை மணி நேரத்தில் மூடியைச் சுற்றிக் கரும்புகை வந்தது. அப்பாவே வந்து திறந்தார். மேலே பசை, கீழே கரி.

"அலாமாக்! எல்லாம் ஹபிஸ், தீந்துபோச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா அழுதுவிட்டார். எனக்கு அண்டாவுக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

சத்தம் கேட்டு மணக்கோலத்திலேயே சாந்தி ஓடி வந்தாள். நான் நோட்டை நீட்டி, கணக்குப் போட்டிருந்த மூன்று பக்கத்தையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏண்ணே, கொதிக்கிற தண்ணி சும்மாவா இருக்கும்? அரிசியத் தூக்கித் தூக்கிப் புரட்டும்லா?"

என் சமன்பாடு அசையாத பொருளுக்கானது. தண்ணீர் புரண்டு சூட்டை நடுவுக்குக் கொண்டுபோய்விடும் என்பது இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

அப்பா போய் மாரி அண்ணனைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். நான் சீனர் கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசியைச் சுமந்து வந்தேன். மாரி அண்ணன் சொன்னபடியே அஞ்சரைக்கு மூட்டினார். ஆறே காலுக்குச் சோறு மல்லிகைப்பூவாக இருந்தது.

பந்தியில் சாந்தியின் மாமனார் ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"இது எங்க அரிசி இல்லயே?"

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். சாந்தி தலையைக் குனிந்தாள். பழி அவள் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் நான் முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் கருக்கிட்டேன் மாமா. தங்கச்சிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நான் சூட்டப் பத்தி ஆராய்ச்சி பண்றவன்."

பதினாறு மடங்கு, எட்டு மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாப்பிள்ளை ஓடி வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

மறு வருடம் வாய்மொழித் தேர்வில், "உங்கள் முடிவு எங்கே செல்லுபடியாகாது?" என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். "கொதிக்கும்போது" என்றேன், யோசிக்காமல். என்ன இவ்வளவு உறுதி என்று வியந்தார்கள். காரணத்தைச் சொல்லவில்லை.

அந்தக் கல்யாணம் முதல் ஒவ்வோர் அறுவடைக்கும் பாகான் செராயிலிருந்து எனக்கு ஒரு மூட்டை அரிசி வருகிறது. மேலே கரியால் "அரை மணி போதும்" என்று எழுதியிருக்கும். மாமா காலமான பிறகு மச்சான் எழுதி அனுப்புகிறார். என் மனைவி அதைப் படித்துவிட்டுத்தான் உலை வைப்பாள். சோற்றை இறக்கி வைக்கும்போது கூடத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள்:

"ஏங்க, நடுப்பக்கம் வெந்துருச்சா?"